தெருவிளக்குப் புகார் முதல் ஏரி நீர்மட்டம் வரை: திறந்த அரசுத் தரவைப் பயன்படுத்த ஒரு தொடக்க வழிகாட்டி

தெருவிளக்கு எரியவில்லை என்று 1913-க்கு அழைத்து நீங்கள் கொடுக்கும் புகார், சென்னை மாநகராட்சியின் கணினியில் ஒரு வரியாகப் பதிவாகிறது. பதிந்த நாள், தெரு, வார்டு, புகாரின் வகை, முடித்த நாள் எல்லாம் அந்த வரியில் இருக்கும். ஓராண்டு முழுக்க இப்படிச் சேர்ந்த வரிகளை ஒருவர் உட்கார்ந்து படித்தால், எந்த வார்டில் எந்த வேலை திரும்பத் திரும்பக் கெட்டுப்போகிறது, எங்கே புகார் மாதக்கணக்கில் தூங்குகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்குக் கணினிப் பட்டமோ புரோகிராமிங்கோ தேவையில்லை. எக்செல்லில் வரவு செலவு எழுதத் தெரிந்தவருக்குப் போதும்.

அரசு தன் வேலைக்காகச் சேர்த்து வைத்திருக்கும் தகவலை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கலாம், கணினியில் வைத்துக் கணக்குப் போடலாம், மறுபடியும் வெளியிடலாம் என்ற அனுமதியோடு தந்தால் அது திறந்த தரவு. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். "இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் புகார்கள் தீர்க்கப்பட்டன" என்று துறையின் முகப்புப் பக்கத்தில் ஓடும் எண் திறந்த தரவு ஆகாது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வரிகள்தான் நமக்கு வேண்டும்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நியூயார்க் கதை. அந்த நகரம் 2012-ல் தன் தரவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. பார்க்கிங் அபராதச் சீட்டுகளும் அப்படி வெளியில் வந்தன: எந்த இடம், எந்த நேரம், எந்த விதி, யார் எழுதினார் என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. பென் வெலிங்டன் என்ற பேராசிரியர் அதில் ஒரே ஒரு விதியை மட்டும் எடுத்துப் பார்த்தார். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவின் முன்னால் வண்டி நிறுத்துவது குற்றம் என்ற விதி அது. ஆனால் கோடு போட்ட பாதசாரிக் கடப்பு இல்லாத சில இடங்களில் அப்படி நிறுத்தலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன்பே விதியை மாற்றியிருந்தார்கள். அபராதம் அதிகம் விழுந்த முகவரிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் கூகுளின் தெருக்காட்சியில் பார்த்தார். முறைப்படி நிறுத்திய வண்டிகளுக்கே அபராதம் விழுந்துகொண்டிருந்தது. ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் டாலர் என்று அவர் மதிப்பிட்டார்.

2016-ல் அவர் கேட்டபோது நகரக் காவல்துறை அதை ஒப்புக்கொண்டது. விதி மாறியபோது போக்குவரத்து ஊழியர்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தோம், இந்தக் குற்றத்துக்கான சீட்டுகளில் பெரும்பகுதியை எழுதியது ரோந்துக் காவலர்கள் என்று விளக்கம் சொல்லி, எல்லாருக்கும் புதிய அறிவுறுத்தல் அனுப்பியது. போராட்டமும் இல்லை, வழக்கும் இல்லை. ஒரு விதி, ஒரு அட்டவணை, சரியான அலுவலகத்துக்கு ஒரு கேள்வி.

நாமும் அதைச் செய்ய முடியும். சென்னையை வைத்துச் சொல்கிறேன். கோவையோ மதுரையோ திருச்சியோ, வேறு ஊரில் இருப்பவர்கள் துறைப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"சென்னையின் குப்பைப் பிரச்சினை" என்று தொடங்கினால் ஒரு மாதத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். "எங்கள் வார்டில் தெருவிளக்குப் புகார் கொடுத்தால் சரிசெய்ய எத்தனை நாள் ஆகிறது, பக்கத்து வார்டில் எத்தனை நாள்?" என்பது நல்ல கேள்வி. அதில் ஒரு இடம் இருக்கிறது, ஒரு சேவை இருக்கிறது, எண்ணக்கூடிய ஒன்று இருக்கிறது, ஒப்பிட இன்னொன்றும் இருக்கிறது. இந்த நான்கும் உள்ள கேள்வியை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். தரவைத் திறந்ததும் கண் அங்குமிங்கும் ஓடும், அப்போது இந்தத் தாள்தான் இழுத்துப் பிடிக்கும்.

கேள்வியை எழுதும்போதே, பதில் கிடைத்தால் அதை வைத்து யார் என்ன முடிவு எடுக்க முடியும் என்றும் எழுதுங்கள். உதவிப் பொறியாளர் ஒப்பந்ததாரரைக் கேள்வி கேட்கலாம், மண்டல அலுவலர் கூடுதல் ஆள் போடலாம், கவுன்சிலர் மன்றத்தில் எழுப்பலாம். இப்படி ஒருவரையும் சொல்ல முடியவில்லை என்றால் கேள்வியை மாற்றுங்கள். படிக்கச் சுவையான தரவு எவ்வளவோ இருக்கிறது. நமக்குத் தேவை ஒருவரின் மேசையில் வேலையாக மாறக்கூடிய தரவு.

அந்த வேலை யாருடையது

புதியவர்கள் அதிக நேரம் வீணாக்குவது இங்கேதான். ஒரே சாலையில் தார் மாநகராட்சியுடையது, அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது, ஓரத்தில் நிற்கும் மின்மாற்றி மின்வாரியத்துடையது. சாலையே சில இடங்களில் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, சில இடங்களில் தேசிய நெடுஞ்சாலை. மாநகராட்சிக்குள்ளேயும் பேருந்து போகும் சாலைகளுக்குத் தனித் துறை உண்டு, உட்புறத் தெருக்களை மண்டல அலுவலகம் பார்க்கிறது. தவறான துறையில் தரவு கேட்டால் "எங்களிடம் இல்லை" என்ற உண்மையான பதிலே வரும்.

சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது 15 மண்டலம், 200 வார்டு என்று பிரிக்கப்பட்டது. அந்தப் பிரிப்பில் திருவொற்றியூர் முதல் மண்டலம், சோழிங்கநல்லூர் 15-வது. வார்டு எல்லைகள் 2018-ல் மறுவரையறை ஆயின. ஆகவே 2014-ஆம் ஆண்டுத் தரவில் இருக்கும் வார்டு எண்ணும் இன்றைய வார்டு எண்ணும் ஒரே இடத்தைக் குறிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பழைய காலத்தோடு ஒப்பிட வேண்டுமானால் தெருப் பெயரை வைத்தே ஒப்பிடுங்கள்.

எங்கே தேடுவது

மத்திய அரசு 2012-ல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையை அறிவித்து, அதே ஆண்டு டேட்டா.கவ்.இன் என்ற தளத்தைத் தொடங்கியது. தேசிய தகவலியல் மையம் நடத்தும் அந்தத் தளத்தில் மாநிலங்களுக்கும் பொலிவுறு நகரங்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. 2017-ல் இந்திய அரசின் திறந்த தரவு உரிமம் வந்தது. அந்த உரிமத்தில் வெளியாகும் தரவை வணிகத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம், எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டால் போதும். தனிநபர் விவரங்கள் அந்த உரிமத்துக்குள் வராது.

மனதைத் திறந்து சொல்கிறேன்: நகரச் சேவைகளைப் பற்றி அந்தப் பொதுத் தளத்தில் கிடைப்பதைவிடத் துறைகளின் சொந்தத் தளங்களில் கிடைப்பது அதிகம். குடிநீர் வாரியம் ஏரிகளின் நீர் இருப்பைத் தினமும் போடுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலி, வேளச்சேரி, ஆலந்தூர், பெருங்குடி உள்ளிட்ட நிலையங்களின் காற்றுத் தர அளவுகளைத் தருகிறது. மாநகராட்சித் தளத்தில் வரவு செலவுத் திட்டம் பிடிஎஃப் ஆக இருக்கிறது. ஊர்வணி அறக்கட்டளை நடத்தும் ஓப்பன்சிட்டி தளம் பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களின் தரவுகளை ஒரே இடத்தில் திரட்டி வைத்திருக்கிறது. தொடங்குவதற்கு அது மிக நல்ல இடம். போக்குவரத்தில் ஆர்வம் உள்ளவர்கள் கொச்சி மெட்ரோவையும் டெல்லி பேருந்துகளையும் பார்க்கலாம். இரண்டும் 2018-ல் தங்கள் வழித்தடத் தரவைத் திறந்துவிட்டன.

தேடும்போது கோப்பின் வகையைக் கவனியுங்கள். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு), எக்செல் என்றால் நேரடியாக வேலை தொடங்கலாம். பிடிஎஃப் என்றால், எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் டபுலா என்ற இலவச மென்பொருள் அட்டவணையைப் பிரித்தெடுத்துவிடும். தாளை ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப் என்றால் அதோடு மல்லுக்கட்டாமல், அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

கிடைக்கவில்லையா? ஆர்டிஐ போடுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ஐப் பலரும் புகார் மனு போலப் பயன்படுத்துகிறார்கள். "ஏன் எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. பொதுத் தகவல் அலுவலர் தன்னிடம் இருக்கும் ஆவணத்தைத் தரக் கடமைப்பட்டவர். காரணத்தையும் கருத்தையும் புதிதாக எழுதித் தரக் கடமைப்பட்டவர் அல்லர். ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"மண்டலம் 13-இல் 01.04.2024 முதல் 31.03.2025 வரை தெருவிளக்கு தொடர்பாகப் பதிவான புகார்களின் பட்டியல், கீழ்க்கண்ட விவரங்களோடு தேவை: புகார் எண், பதிவான தேதி, வார்டு எண், தெருப் பெயர், புகாரின் வகை, முடித்து வைக்கப்பட்ட தேதி, மீண்டும் திறக்கப்பட்டிருந்தால் அந்தத் தேதி. புகார்தாரரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் தேவையில்லை. இந்தத் தகவலைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)-இன்படி மின்னணு வடிவில், எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாக வழங்கக் கோருகிறேன்."

கடைசி வாக்கியத்தை மறக்கவே கூடாது. கணினியில் இருக்கும் தகவலை மின்னணு வடிவிலேயே பெறும் உரிமையைச் சட்டம் தருகிறது. அதைக் கேட்காவிட்டால் நூற்றுக்கணக்கான பக்கங்களை அச்சடித்து, பக்கத்துக்கு இவ்வளவு கட்டுங்கள் என்று கடிதம் வரலாம். பெயர், தொலைபேசி எண் வேண்டாம் என்று நாமே சொல்லிவிடுவதற்கும் காரணம் உண்டு. தனிநபர் விவரம் இருக்கிறது என்று சொல்லி மொத்தத்தையும் மறுக்கும் வாய்ப்பை அது அடைத்துவிடுகிறது.

கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியே அனுப்பலாம். இணையவழியாக விண்ணப்பிக்கவும் வசதி இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான துறைக்குப் போய்விட்டால், 5 நாளுக்குள் சரியான துறைக்கு அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். பதில் வரவில்லை, அல்லது பாதிதான் வந்தது என்றால் 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. அனுபவத்தில் சொல்கிறேன், தெளிவாகக் கேட்ட பட்டியல்கள் பெரும்பாலும் முதல் மேல்முறையீட்டோடு வந்துவிடுகின்றன.

கோப்பைத் திறந்ததும்

வந்த கோப்பின் ஒரு நகலைத் தொடாமல் அப்படியே வைத்துவிடுங்கள். இன்னொரு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

தமிழ் எழுத்து கேள்விக்குறியாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். சிஎஸ்வி கோப்பை நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறந்திருப்பீர்கள். எக்செல்லில் 'டேட்டா' பகுதிக்குப் போய் இறக்குமதி செய்து, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் இதைத் திறக்கும்போதே கேட்டுவிடுகிறது. மற்றொரு காரணம் பழைய எழுத்துரு. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டுக்கு மாற ஆணையிட்டது, ஆனாலும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இன்னும் கைக்கு வருகின்றன. அவற்றை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன.

அடுத்தது தேதி. 03/04/2024 என்பது நமக்கு ஏப்ரல் 3. கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாள்களை மட்டும் எழுத்தாக விட்டுவிட்டு, மற்றவற்றை அமைதியாக மாற்றிவிடும் என்பதால் பிழை கண்ணுக்குத் தெரியாது. முடித்த தேதியிலிருந்து பதிவான தேதியைக் கழித்துப் பாருங்கள். எங்காவது கழித்தல் குறியோடு விடை வந்தால் தேதி குழம்பியிருக்கிறது என்று பொருள்.

ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு பெரிய வேலை. திருவல்லிக்கேணி ஒரு பட்டியலில் ட்ரிப்ளிகேன் என்று இருக்கும், இன்னொன்றில் தமிழ் ஒலிப்பிலேயே இருக்கும். திருவான்மியூருக்கு நாலைந்து விதமான எழுத்துக்கூட்டல் உண்டு. 2020 ஜூனில் மாநில அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. அந்த இடைவெளியில் தயாரான கோப்புகளில் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கும் என்று சொல்ல முடியாது. பெயரை நம்பி இரண்டு அட்டவணைகளை இணைக்காதீர்கள். வார்டு எண், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் குறியீடு என்று எண் இருந்தால் அதை வைத்து இணையுங்கள். இல்லையென்றால் தனியாக ஒரு நெடுவரிசை சேர்த்து, எல்லா வடிவங்களுக்கும் நீங்களே ஒரு பெயரைக் கொடுங்கள்.

வெற்றுக் கட்டமும் பூஜ்யமும் ஒன்றல்ல. முடித்த தேதி காலியாக இருந்தால் புகார் இன்னும் முடியவில்லை என்றும் கொள்ளலாம், யாரும் பதிய மறந்துவிட்டார்கள் என்றும் கொள்ளலாம். அதை பூஜ்யம் நாள் என்று கணினி எடுத்துக்கொண்டால் கிடந்து அழுகும் புகார்தான் மிக வேகமாக முடிந்த புகாராகத் தெரியும்.

ஒரு வரி எப்படி உண்டாகிறது என்று தெரியாமல் கூட்டாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தரவில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரு மனிதர் ஒரு காரணத்துக்காக எழுதியது. யார், எதற்காக, எதைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்த பிறகே கூட்டல் கழித்தலுக்குப் போக வேண்டும்.

குடிநீர் வாரியத்தின் ஏரி அட்டவணையை எடுத்துப் பழகுங்கள். புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. நகரம் முழுக்க அக்கறை காட்டும் விஷயம், தினமும் வருகிறது, வரிகள் குறைவு. செம்பரம்பாக்கம் ஏரியின் வரியைப் பாருங்கள்: முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. பக்கத்தில் இன்றைய நீர்மட்டம், இன்றைய இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். நீர்மட்டம் 12 அடி என்றால் ஏரி பாதி நிறைந்திருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. ஏரி வாணலியைப் போல அடியில் குறுகி மேலே விரிவது, பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது. அளவுகோலில் ஒருவர் பார்ப்பது நீர்மட்டத்தை. இருப்பு அதிலிருந்து ஏரியின் வடிவக் கணக்குப்படி வருவது.

அடுத்து, வரியையே சோதித்துப் பாருங்கள். நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று இருக்கும். ஒரு நாளில் 86,400 விநாடி. விநாடிக்கு 500 கன அடி வந்தால் நாளுக்கு 43.2 மில்லியன் கன அடி. நேற்றைய இருப்போடு வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்தால் இன்றைய இருப்புக்கு அருகில் வர வேண்டும். கோடையில் கொஞ்சம் குறைந்தால் அது ஆவியானது. பெரிதாக இடித்தால் தட்டச்சுப் பிழையா, வேறு ஏதாவதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் எந்த அட்டவணையையும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்ப மாட்டீர்கள்.

இப்போது சதவீதம். நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகளின் முழுக் கொள்ளளவைப் பாருங்கள்: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கும் சேர்ந்தால் 11,257 மில்லியன் கன அடி. 2020 நவம்பரில் தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது, அதன் 500-ஐயும் சேர்த்தால் 11,757. வீராணத்தின் 1,465-ஐயும் சேர்த்தால் 13,222. கையில் 6,000 மில்லியன் கன அடி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கணக்கில் 53 சதவீதம், கடைசிக் கணக்கில் 45 சதவீதம். நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த 2019 கோடையையும் பிந்தைய ஆண்டுகளையும் சதவீதத்தில் ஒப்பிடுகிறவர்கள் எதனால் வகுக்கிறோம் என்று சொல்லியே ஆக வேண்டும்.

இருக்கும் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. ஒரு மில்லியன் கன அடி என்பது 2.83 கோடி லிட்டர். நகரத்துக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் விடுவதாக வைத்துக்கொண்டால் சுமார் 35 மில்லியன் கன அடி செலவாகும், ஆயிரம் மில்லியன் கன அடி, அதாவது ஒரு டிஎம்சி, 28 நாளுக்கு வரும். ஆனால் அடிமட்டத் தண்ணீரை எடுக்க முடியாது, வெயில் குடிக்கும் பங்கு உண்டு, மறுபக்கம் நெம்மேலி கடல்நீர் ஆலையிலிருந்து வருவதும் உண்டு. இந்த மூன்றையும் ஒரு வரியில் எழுதாமல் "இன்னும் இத்தனை நாளுக்குத்தான் தண்ணீர்" என்று வாட்ஸ்அப்பில் போடுவது பீதியைத்தான் கிளப்பும்.

புகார்த் தரவில் வரி உண்டாகும் கதை இன்னும் சிக்கல். அங்கே வரியைத் தொடங்குவது கெட்டுப்போன விளக்கு அல்ல, தொலைபேசியை எடுத்த மனிதர். அழைக்கத் தெரிந்தவர்கள், நேரம் இருப்பவர்கள், அழைத்தால் நடக்கும் என்ற நம்பிக்கை உள்ளவர்கள் வாழும் வார்டில் புகார் அதிகம் இருக்கும். புகாரே இல்லாத வார்டு நன்றாக இருக்கும் வார்டு என்று முடிவு கட்டினால், கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன குடிசைப் பகுதிகளுக்கு நாமே அநியாயம் செய்தவர்கள் ஆவோம். பாஸ்டன் நகரம் காரில் வைத்த செல்போனின் அதிர்வைக் கொண்டு சாலைக் குழிகளைக் கண்டுபிடிக்கும் செயலியை உருவாக்கியபோது இதே ஆபத்து இருந்தது. ஸ்மார்ட்போனும் காரும் உள்ளவர்களின் தெருக்கள் மட்டுமே பட்டியலில் ஏறிவிடும் என்று உணர்ந்த நகர நிர்வாகம், எல்லாத் தெருவுக்கும் போய்வரும் தன் ஊழியர்களிடம் அதை முதலில் கொடுத்தது. நாம் செய்யக்கூடியது, புகார் குறைவான வார்டில் ஒரு மாலை நடந்து எரியாத விளக்குகளை எண்ணி, தரவோடு வைத்துப் பார்ப்பது.

வரியின் மறுமுனையிலும் கவனம் வேண்டும். "முடிக்கப்பட்டது" என்பது ஊழியர் ஒருவர் கணினியில் அழுத்திய பொத்தான். விளக்கு எரிந்ததா என்று அது சொல்லாது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஒரே தெருவில், ஒரே வகைப் புகார், முடிக்கப்பட்ட 30 நாளுக்குள் மறுபடி வந்திருக்கிறதா என்று பாருங்கள். தெருப் பெயரையும் தேதியையும் வைத்து வரிசைப்படுத்தினாலே கண்ணில் படும். என் பார்வையில், முடிக்கப்பட்ட புகார்களின் சதவீதத்தைவிட இந்த மறுபுகார் எண்ணிக்கை எவ்வளவோ நேர்மையான அளவு.

கணக்கு

எக்செல்லில் அல்லது கூகுள் ஷீட்ஸில் பிவட் டேபிள் என்ற ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். வார்டு வாரியாக எண்ணிக்கை, மாத வாரியாக எண்ணிக்கை எல்லாம் அதில் நொடியில் வந்துவிடும். ஒரு மாலையில் பழகிவிடலாம்.

நாள்களுக்குச் சராசரியை மட்டும் போடாதீர்கள். பத்துப் புகாரில் ஒன்பது 2 நாளில் முடிந்து ஒன்று 92 நாள் கிடந்தால் சராசரி 11 நாள். அந்தத் தெருவில் யாருமே 11 நாள் காத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணைச் சொல்லுங்கள், இங்கே அது 2. கூடவே அந்த 92 நாள் புகாரைத் தனியாகக் காட்டுங்கள். பெரும்பாலும் நீங்கள் சரிசெய்ய வேண்டியது அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

வார்டுகளை ஒப்பிடும்போது மக்கள்தொகையாலோ விளக்குகளின் எண்ணிக்கையாலோ வகுங்கள். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியில் அதன் பிறகு முளைத்த அடுக்ககங்களை நினைத்தால், அந்த எண் எவ்வளவு பின்தங்கியது என்று புரியும். ஆகவே முடிந்தவரை விளக்குகளின் எண்ணிக்கையையே கேட்டு வாங்குங்கள்.

வரைபடம் போட விரும்பினால் கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இலவசம், மக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் தெருக்கள் இருக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அந்த வரைபடத்தின் மேல்தான் தண்ணீர் சூழ்ந்த தெருக்களை மக்களே குறித்தார்கள். ஆனால் முதல் வேலையில் வரைபடம் தேவையில்லை.

யாருடைய பெயரும் வெளியே போகக் கூடாது

2014-ல் நியூயார்க் டாக்சிப் பயணத் தரவு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். வண்டி எண்ணையும் ஓட்டுநர் எண்ணையும் மறைகுறியாக்கித்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு பொறியாளர் சில மணி நேரத்தில் அத்தனையையும் அவிழ்த்துவிட்டார். எந்த ஓட்டுநர் எந்த நாள் எங்கே இருந்தார், எவ்வளவு சம்பாதித்தார் என்பது வெளிச்சமாகிவிட்டது.

உங்கள் கைக்கு வரும் கோப்பில் கவனக்குறைவாகப் பெயரோ தொலைபேசி எண்ணோ இருந்தால், அந்த நெடுவரிசையை உடனே நீக்குங்கள். தெருவில் நாலே வீடு இருந்தால் தெருப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்து வீட்டுக் குழாய் இணைப்பு முறைகேடு, நாய்த் தொல்லை போன்ற புகார்களில் இது அண்டை வீட்டுச் சண்டையாகவே முடியும். அப்படிப்பட்ட வகைகளை வார்டு அளவில் மட்டும் வெளியிடுங்கள்.

கொண்டுபோய்க் கொடுப்பது

ஒரே ஒரு தாள். மேலே கேள்வி, அடுத்து பதில் இரண்டு வாக்கியத்தில், ஒரு சிறிய அட்டவணை, மோசமான ஐந்து தெருக்களின் பட்டியல், தரவு எங்கிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்ற குறிப்பு, கடைசியில் நீங்கள் கேட்கும் ஒரே ஒரு செயல். தமிழிலேயே எழுதுங்கள்.

ஊடகத்துக்கோ சமூக வலைத்தளத்துக்கோ போவதற்கு முன் வார்டின் உதவிப் பொறியாளரிடம் காட்டுங்கள். "சார், இந்தத் தெருவில் மட்டும் புகார் திரும்பத் திரும்ப வருது, என்ன காரணமா இருக்கும்?" என்று கேட்டால், தரவில் எங்கும் இல்லாத விஷயங்கள் வெளியே வரும். புதைவடத்தில் கோளாறு, மெட்ரோ வேலைக்காகத் தோண்டியதில் அறுந்தது, ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கவில்லை என்று ஏதாவது ஒன்று. அதைக் கேட்டுவிட்டு உங்கள் தாளைத் திருத்துங்கள். பல நேரம் அவரே மேலே கேட்டுக்கொண்டிருக்கும் பணத்துக்கு உங்கள் தாள் ஆதாரமாகிவிடும்.

பிறகு கவுன்சிலர். 2022-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், அதன் கீழே பகுதி சபைகளும் உண்டு. பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் தாளைப் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் போனால் இன்னும் நல்லது. பதிவான தீர்மானத்தின் மேல் என்ன நடவடிக்கை என்று அடுத்த கூட்டத்தில் கேட்க முடியும்.

மூன்று மாதம் கழித்து அதே தரவை, அதே நெடுவரிசைகளோடு மறுபடி வாங்கி, அதே கணக்கைப் போடுங்கள். மறுபுகார் குறைந்திருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி அந்தப் பொறியாளரிடமே முதலில் கொடுங்கள், பகுதி சபையிலும் சொல்லுங்கள்.

சுத்தம் செய்த அட்டவணையை மற்றவர்களுக்கும் திறந்து வையுங்கள். கோப்பின் பெயரிலேயே துறை, மண்டலம், காலம், எடுத்த நாள் நான்கும் இருக்கட்டும். என்னென்ன திருத்தினீர்கள் என்று தனித் தாளில் எழுதிச் சேருங்கள். ஒரே பட்டியலை மறுபடி மறுபடி ஆர்டிஐயில் கேட்க வேண்டி வந்தால் ஆணையருக்குக் கடிதம் எழுதுங்கள். மக்கள் விண்ணப்பமே போடத் தேவையில்லாத அளவுக்குத் தகவலைத் தாமாகவே வெளியிட அரசு அமைப்புகள் தொடர்ந்து முயல வேண்டும் என்று சட்டத்தின் பிரிவு 4(2) சொல்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, மாதம் ஒருமுறை சிஎஸ்வி கோப்பாகத் தளத்தில் ஏற்றுமாறு கேளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே அவர்கள் கொடுத்த கோப்பின் முதல் பக்கத்தை மாதிரியாக இணைத்துவிடுங்கள்.